அத்தியாயம் 7: மஞ்சள் விளக்கும் கரி பிடித்த வால்வும்

மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும் அதன் பக்கத்து விளக்குகளைப் பாருங்கள். ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தாலோ, வெப்பமுள் மேலே ஏறியிருந்தாலோ அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோளாறு வேறு; அதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். மஞ்சள் விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது, வண்டி வழக்கம்போல இழுக்கிறது என்றால் பதறாமல் போகிற இடத்துக்குப் போகலாம். பெட்ரோல் வண்டியில் அது விட்டு விட்டுச் சிமிட்டினால் மட்டும் கவனம் வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தாமல் மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நிலையாக எரியும் விளக்குக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான காரணங்கள் இருக்கலாம். டீசல் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று இ.ஜி.ஆர். வால்வு. நம் பக்கத்தில் அதற்கு இன்னும் கூடுதலாக இடம் கொடுப்பது நாம் வண்டி ஓட்டுகிற விதம்.

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் நிற்கும் ஒரு டீசல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டிலிருந்து பட்டாசு ஆலைக்கு ஓட்டம். ஆலையிலிருந்து திருத்தங்கலில் பேங்குக்கு, அங்கிருந்து சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகத்துக்கு, பிறகு சாப்பாட்டுக்கு வீடு. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன ஓட்டம்தான். ரயில்வே கேட்டில் ஒரு நிறுத்தம். அச்சக வாசலில் ஏ.சி.க்காக இன்ஜினை அணைக்காமல் அரை மணி நேரம். அணைக்கரைப் பக்கம் குறுகிய ரோட்டில் மூன்றாம் கியரில் உருட்டிக்கொண்டு போவது. இன்ஜின் முழுச்சூட்டுக்கு வந்து, நாலாயிரம் ஆர்.பி.எம். பக்கம் ஒரு முறையாவது எட்டிப் பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள் இருந்தாலே பெரிது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஓட்டம் கூடும். ஆனால் கூடுவதும் இதே மாதிரி குறுக்கோட்டம்தான். கரி சேர்வதற்கு இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது.

வால்வு செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. இன்ஜினுக்குள் எரியும்போது வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும் இடங்களில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. அது நெஞ்சுக்கு ஆகாத வாயு. நம் ஊர் மாதிரி வெயில் கொளுத்தும் இடத்தில் வெளியே வந்து ஓசோனாகவும் மாற வழிசெய்கிறது. இதைக் குறைக்க, ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே எரியும் வெப்பம் தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. புகைக்குழாய்க்கும் காற்றுக்குழாய்க்கும் நடுவே நின்று எவ்வளவு புகை உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கிற கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. டீசல் வண்டியில் ஐடிலிங்கிலும் மிதமான ஓட்டத்திலும் திறந்திருக்கும். முழுவேகத்தில் இழுக்கும்போது மூடிக்கொள்ளும்.

புகையில் கரித்தூள் உண்டு. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ஆயில் ஆவி ஒரு ஹோஸ் வழியாகக் காற்றுக்குழாய்க்கு வருகிறது. இரண்டும் சேருமிடத்தில், வடைச்சட்டியின் விளிம்பில் பல வருஷமாகக் காய்ந்த எண்ணெய்க்கரி போல ஒரு பிசின் படிகிறது. முதலில் வால்வின் தண்டு ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். பிறகு முழுதாக மூடாது, அல்லது முழுதாகத் திறக்காது.

மூடாமல் நின்றுவிட்டால் உங்களுக்கே தெரியும். ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், கிளட்சை விட்டதும் அணைந்துபோகும், மேட்டில் பிக்கப் இருக்காது, பின்னால் கறுப்புப் புகை தள்ளும். திறக்காமல் நின்றுவிட்டால் எதுவும் தெரியாது. சிலருக்கு வண்டி முன்பைவிட நன்றாக ஓடுவது போலக்கூடத் தோன்றும். விளக்கு மட்டும் எரியும். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று மாதக்கணக்கில் விளக்கைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

இந்தியாவில் வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. ஏற்பாடு பி.எஸ்.4 புகை விதிகளோடு வந்தது. பி.எஸ்.4, 2010-ல் பெருநகரங்களில் தொடங்கி 2017 ஏப்ரலில் நாடு முழுக்க அமலானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது, பி.எஸ்.6-ல் 0.08 கிராமாகக் குறைந்தது. இந்த இறுக்கத்தில்தான் வால்வைக் கண்காணிப்பதும் கூடியது. ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜினை நம் பக்கம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள்: ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, பிரெஸ்ஸா என்று எத்தனையோ வண்டிகளில் ஒரே இன்ஜின். 2020-ல் மாருதி டீசலை விட்டுவிட்டது. அந்த வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன, வயசும் ஆகிவிட்டது. கீழே சொல்லும் எண்களுக்கு அந்த இன்ஜினையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முறை எல்லா டீசல் வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் கோடு, பிறகுதான் ஸ்பேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே, 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். பட்டறையில் ஸ்கேனர் போடுவது அதில்தான். ஈ.எல்.எம்.327 என்ற பெயரில் விற்கும் சின்ன புளூடூத் அடாப்டரை அதில் செருகி, மொபைலில் டார்க் மாதிரி ஒரு செயலி போட்டுக்கொண்டால் நீங்களே படிக்கலாம். எல்லா வண்டிக்கும் பொதுவான கோடுகளை, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்களை, இது காட்டும். கம்பெனியின் தனிக் கோடுகளுக்கும், வால்வை இயக்கிப் பார்ப்பதற்கும் பட்டறை ஸ்கேனர் வேண்டும்.

இ.ஜி.ஆர். குடும்பத்துக் கோடுகள் பி0400-ல் தொடங்கும். பி0401 என்றால் புகை போதுமான அளவு திரும்பவில்லை. பி0402 என்றால் அளவுக்கு மேல் திரும்புகிறது. பி0403 வால்வை இயக்கும் மின்சுற்றில் கோளாறு. பி0404 என்றால் சொன்ன இடத்துக்கு வால்வு நகரவில்லை. பி0405, பி0406 இரண்டும் வால்வு எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சாரின் வோல்டேஜ் குறைவு, அதிகம் என்பவை.

கோட்டோடு இன்னொன்றும் பதிவாகியிருக்கும். விளக்கு எரியக் காரணமான அந்த நொடியில் இன்ஜின் வேகம், வண்டியின் வேகம், ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பம் எல்லாம் என்ன என்ற பதிவு அது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் போய்விடும். நம் பட்டறைகளில் வண்டி நுழைந்ததும் ஸ்கேனரைச் செருகி, "அழிச்சு விட்டுட்டேன் அண்ணாச்சி, வந்தா பாத்துக்குவோம்" என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்வதற்கு முன்னால், "தம்பி, அழிக்கிறதுக்கு முன்னாடி கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம் ரெண்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கேளுங்கள். மறுக்கிற மெக்கானிக் இல்லை. அந்த இரண்டு போட்டோக்கள் இல்லாமல் வண்டியைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பதிவில் நான் முதலில் பார்ப்பது தண்ணீரின் வெப்பத்தை. அரை மணி நேரம் ஓடிய பிறகும் அது 60, 65 டிகிரியிலேயே நின்றிருந்தால், இன்ஜின் சூடாகவே இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது யாரோ கழற்றியே போட்டிருக்கலாம். "விருதுநகர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றிவிடும் வழக்கம் பழைய வண்டிகளின் காலத்திலிருந்து வருகிறது. வெளியே வெயில் 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அதற்கு 80, 90 டிகிரி வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் சரியாக எரியாமல் கரி கூடுகிறது, அந்தக் கரி வால்வில் போய்ப் படிகிறது. இந்த வண்டிக்குப் புது வால்வு போட்டாலும் சில மாதங்களில் அதே கோடு திரும்ப வரும்.

கம்ப்யூட்டர் வால்வைப் பார்க்கவில்லை

பி0401 வந்ததும் "வால்வு போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் இந்த விளக்கில் பணம் வீணாகும் வழி. பெரும்பாலான டீசல் வண்டிகளில் குழாய்க்குள் எவ்வளவு புகை போகிறது என்று அளக்க நேரடியாக எந்தக் கருவியும் கிடையாது. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் காற்றளவு சென்சார், அதாவது எம்.ஏ.எஃப்., உள்ளே போகும் புதுக்காற்றை மட்டும் அளக்கிறது. வால்வு திறந்து புகை உள்ளே வந்தால் சிலிண்டரில் இடம் குறையும்; அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைவாகப் போகும். குறைந்தால் புகை வந்துவிட்டது என்றும், குறையாவிட்டால் வரவில்லை என்றும் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஆக, கோடு சொல்வது காற்றின் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதை. கணக்கைக் கெடுத்தது வால்வா, குழாயா, ஹோஸா, சென்சாரா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், எம்.ஏ.எஃப். வழியாகப் போன காற்றில் ஒரு பங்கு வெளியே கசிந்துவிடும். கம்ப்யூட்டர் பார்ப்பது எதிர்பார்த்ததைவிட அதிகமான காற்று. "புகை வரவில்லை, பி0401" என்று எழுதிவிடும். வால்வு முழு ஆரோக்கியமாக இருக்கும். எம்.ஏ.எஃப். கம்பியில் தூசு படிந்திருந்தால் அது நேர்மாறு: காற்றைக் குறைத்துக் காட்டும், கம்ப்யூட்டர் "புகை அதிகம்" என்று நினைத்து வால்வை மூடப் பார்க்கும், பி0402 வரும். நம் கரிசல் காட்டுத் தூசு மெல்லியது. விலை குறைந்த ஏர் ஃபில்டர் அதை முழுதாகத் தடுக்காது.

ஆகவே காசில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து காற்றுக்குழாய் வரை எல்லா ஹோஸையும் கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் ஈரம் கசிந்து கறுத்த இடம் இருந்தால் அங்கே வெடிப்பு உண்டு. கிளிப்புகளை ஆட்டிப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் மண் கொட்டினால் மாற்றிவிடுங்கள். வால்வுக்குப் போகும் ஒயர்களை முழு நீளத்துக்கும் பாருங்கள். வேப்பமரத்தடியில், வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளுக்கு எலி பெரிய எதிரி. பி0403, பி0405 வந்த வண்டியில் எலி கடித்த ஒயரைத் தேடாமல் வால்வைக் கழற்றவே கூடாது. கனெக்டரை எடுத்துப் பார்த்து, பின்னில் பச்சைத் துரு இருந்தால் அதற்கான ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டுங்கள்.

எம்.ஏ.எஃப். சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்வதென்றால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்த வேண்டும். துணி, பிரஷ், பட்ஸ் எதுவும் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. அடித்துக் காயவிட்டு மாட்டுவதோடு வேலை முடிந்தது.

ஓடும் இன்ஜினில் ஒரு கணக்கு

இப்போது வால்வையே சோதிக்கலாம். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, எம்.ஏ.எஃப். அளவு, கம்ப்யூட்டர் வால்வுக்கு இடும் உத்தரவு, உத்தரவுக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசம் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் வையுங்கள். இன்ஜின் முழுச்சூட்டில் இருக்க வேண்டும், ஏ.சி. அணைந்திருக்க வேண்டும்.

வால்வு மூடியிருந்தால் எவ்வளவு காற்று போக வேண்டும் என்று கையிலேயே கணக்குப் போட முடியும். 1248 சி.சி. இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.25 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஐடிலிங்கில் 850 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 425 முறை. ஏறத்தாழ 530 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். அப்படியானால் விநாடிக்குப் பத்து கிராம். சிலிண்டர் எப்போதும் முழுதாக நிரம்பாது என்பதால் எட்டரை, ஒன்பது கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வால்வு திறந்து புகை வந்தால் இது நன்றாகவே இறங்க வேண்டும்.

ஒரு முறை ரேஸ் கொடுத்து விட்டுவிட்டு முதல் ஒரு நிமிடத்துக்குள் பாருங்கள். பல வண்டிகளில் நீண்ட ஐடிலிங்கில் கம்ப்யூட்டரே வால்வை மூடிவிடும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். திறக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது, எம்.ஏ.எஃப். ஒன்பதிலேயே நிற்கிறது என்றால் புகை வரவில்லை. உத்தரவு பூஜ்யம், எம்.ஏ.எஃப். ஐந்து என்றால் வால்வு மூடாமல் நிற்கிறது, அல்லது எம்.ஏ.எஃப். பொய் சொல்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முழு மிதியில் இழுக்கும்போது 2,500 ஆர்.பி.எம்.-ல் மறுபடி கணக்குப் போடுங்கள்; வால்வு மூடியிருக்க வேண்டிய அந்த நேரத்திலும் எம்.ஏ.எஃப். குறைத்தே காட்டினால் சென்சார்தான் சந்தேகத்துக்குரியது.

இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போதே வால்வின் கனெக்டரை உருவிவிடுவது இன்னொரு சோதனை. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். உருவியதும் நடுக்கம் நின்று எம்.ஏ.எஃப். ஏறினால் வால்வு அசைகிறது. எதுவும் மாறாவிட்டால் ஒன்று வால்வு ஒட்டிக்கிடக்கிறது, இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கிடக்கிறது. இந்தச் சோதனையால் புதிதாக பி0403 பதிவாகும், கடைசியில் அழித்துவிடலாம். மின்விசிறியின் பக்கம் கையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, உருவிய கனெக்டரில் அளந்தால் ஒரு பின்னில் 5 வோல்ட் வர வேண்டும். இன்னொன்று நல்ல எர்த்தாக இருக்க வேண்டும். 5 வோல்ட் வராவிட்டால் கோளாறு ஒயரிலோ அதே 5 வோல்ட்டைப் பங்கிடும் வேறொரு சென்சாரிலோ இருக்கிறது. எந்தப் பின் எதற்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும்; ஒயரிங் படம் இல்லாமல் ஊகித்துக் குத்தாதீர்கள்.

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் வால்வை இயக்குவது மோட்டார் இல்லை, வேக்கம். விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் ஒன்று வால்வின் தலைக்குப் போகும். நம் வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் அது முனையில் வெடித்துவிடும். கை வேக்கம் பம்பை வைத்து இழுத்தால் தண்டு மேலே ஏற வேண்டும், இழுத்த அளவு இறங்காமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கிறது.

கழற்றிக் கழுவுதல்

இவ்வளவும் பார்த்து, குற்றம் வால்வின் மேல்தான் என்று தெரிந்த பிறகே கழற்ற வேண்டும். கழற்றும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சிவகாசி வட்டாரம். கரியைக் கரைக்கும் ஸ்பிரேக்கள் எல்லாமே சட்டென்று தீப்பிடிப்பவை. ஆலை வளாகத்தில், குடோனில், பட்டாசுப் பெட்டியோ திரியோ மருந்துச் சாக்கோ அடுக்கிய கொட்டகையில், தீப்பெட்டிக் குச்சி காயும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வண்டி அங்கே நின்றுபோனால் கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து செய்யுங்கள். வேலைக்குப் போட்ட சட்டையோடு மருந்து அறைக்குள்ளும் போகாதீர்கள்.

இன்ஜின் முழுதாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். புகைப்பக்கத்து போல்ட்டுகள் சூட்டில் இறுகியிருக்கும். துரு நீக்கும் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் பொறுத்தால் முறியாமல் வரும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், டீசல் கரி நுரையீரலுக்குள் போகக் கூடாதது. வால்வைத் தலைகீழாகப் பிடித்து, கரைசல் மோட்டார் பக்கம் இறங்காதபடி அடியுங்கள். மரக்குச்சியோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும். ஹாக்ஸா பிளேடால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்து பிறகு எப்போதும் கசியும். மோட்டார் வால்வை விரலால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள், உள்ளே பல் உடையும்.

பலரும் வால்வை மட்டும் பளபளவென்று கழுவிவிட்டுக் குழாயை மறந்துவிடுகிறார்கள். வால்வு உட்காரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு விரல் போக வேண்டிய வழி பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தால் பி0401 அங்கேதான் பிறக்கிறது. அப்போது காற்றுக்குழாயையே கழற்றிக் கழுவ வேண்டும். அது பட்டறை வேலை. மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். பழையதையே சிலிகான் பூசி மாட்டினால் புகை கசிந்து மறுபடி காற்றுக் கணக்கு கெடும்.

கழுவிய பிறகும் தண்டு தடையில்லாமல் போய் வராவிட்டால், அல்லது ஸ்கேனரில் உத்தரவுக்கும் நிற்கும் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தொடர்ந்தால், புது வால்வு வாங்குவதில் தயங்க வேண்டாம். மாட்டியதும் மூடிய இடம் எது என்று கம்ப்யூட்டருக்குப் பட்டறை ஸ்கேனரால் கற்றுக்கொடுக்க வேண்டிய வண்டிகள் உண்டு. அதை மறந்தால் புது வால்வும் பி0404 காட்டும்.

தகடு வைத்து அடைப்பது

"வால்வு எதுக்கு அண்ணாச்சி, ஒரு தகடு வெட்டி வெச்சு அடச்சிருவோம், பிக்கப்பும் கூடும்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பி.எஸ்.4 வண்டியில் தகடு வைத்ததும் பி0401 வரும். அதை மறைக்க கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவார்கள். அதன் பிறகு உண்மையான கோளாறு வந்தாலும் விளக்கு சொல்லாது. புகைச் சான்றிதழ் எடுக்கும்போது டீசல் வண்டியில் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும்; நைட்ரஜன் ஆக்சைடு அதில் வராது. அதனால் தகடு வைத்த வண்டியும் தேறிவிடும். அந்த வாயு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் நாம் குடியிருக்கும் தெருவில்தான் கலக்கும். மருந்துத் தூசும் சுண்ணாம்புத் தூசும் ஏற்கெனவே சுவாசிக்கிற ஊர் இது.

பெரிய கம்பெனிகளே இந்த வாயு விஷயத்தில் மாட்டிக்கொண்டதை மறக்க வேண்டாம். 2015-ல் அமெரிக்காவில் வெளியான வோக்ஸ்வாகன் மோசடி, சோதனை மேடையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைப் பற்றியது. இந்தியாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்பே, 2013-ல், ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா புகை விதிகளுக்கு ஒத்துவராத ஏறத்தாழ 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, காற்று மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுவதற்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

பி.எஸ்.6 டீசல் வண்டியில் நஷ்டம் இன்னும் நேரடியானது. அதில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. நிரம்பியதும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வண்டியே அதை எரித்துக்கொள்ளும். இ.ஜி.ஆர். கோளாறு பதிவாகியிருந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இந்த எரிப்பைத் தொடங்காது. வால்வைக் கவனிக்காமல் விட்டால் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும், அதன் விலை வால்வைப் போலப் பல மடங்கு. எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது காய்ந்த புல், காகிதக் குப்பை, ஆலை வாசல் எதன் பக்கத்திலும் வண்டியை நிறுத்தக் கூடாது. ஆலைக்குள் லோடு ஏற்றப் போகும் வண்டிகளின் சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் மாட்டச் சொல்வது, கரி பொறியாக வெளியே வரும் என்பதால்தான்; கறுப்புப் புகை தள்ளும் வண்டிக்கு அந்தத் தடுப்பான் இருந்தாலும் உள்ளே அனுப்பாமல் இருப்பதே நல்லது.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மாருதியின் டூயல் ஜெட் மாதிரிச் சிலவற்றைத் தவிர பல பெட்ரோல் கார்களில் தனி இ.ஜி.ஆர். வால்வே இருக்காது. அங்கே அடிக்கடி சிக்குவது டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு. பி0441, பி0443 கோடுகள் அதற்குரியவை. பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக மறுத்தால் அதுதான் என்று பாதி முடிவு செய்யலாம். ஐடிலிங்கில் மின்சாரம் இல்லாதபோது அதன் வழியாக உறிஞ்சல் இருக்கக் கூடாது. இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கழுவிப் பயனில்லை.

வேலை முடிந்த பிறகு

கோட்டை அழித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் போதாது. விருதுநகர் போய் நான்குவழிச் சாலையில் ஏறி ஆர்.ஆர். நகர் வழியாக சாத்தூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். நாலாம் கியரில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் காலை ஒரே நிலையில் வைத்துப் பத்து நிமிடம், இடையிடையே ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு வண்டி தானாகத் தணியும்வரை. இந்த மாதிரி நிலைகளில்தான் கம்ப்யூட்டர் வால்வைச் சோதிக்கும். பெரும்பாலான கோடுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தப்பு தெரிந்தால்தான் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தில் தெரிந்தது 'பெண்டிங்' என்ற பட்டியலில் மட்டும் இருக்கும். ஆகவே சாத்தூரிலிருந்து திரும்பியதும் விளக்கு எரியவில்லை என்று ஸ்கேனரை உள்ளே வைத்துவிடாமல் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தால் மறுநாளும் ஒரு முறை பாருங்கள்.

பட்டியலில் பி0401 மறுபடி இருந்தால் மிச்சமிருப்பது பெரும்பாலும் இ.ஜி.ஆர். கூலர்: புகையைத் தண்ணீரால் ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யும்வரை வண்டியை வெளியூருக்கு எடுக்க வேண்டாம். கூலர் கசிந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே போகும்.